கிட்டப் பார்த்தால் கழுதை

சிவப்பு நரியை நான் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனாலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய சிவப்பு நரிகளை ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து வரைந்திருக்கிறேன். பனிக்குள் புதைந்த மரவீடு, குடை மாதிரி விரிந்த காளான், கண் மூக்கு வெட்டி விளக்கு வைத்த பூசணிக்காய் எல்லாமே மன்னார்த் தீவில் கீரி என்கிற எங்கள் கடற்கரை ஊரில், முற்றம் நிறையக் கருவாடு காய்கிற ஒரு வீட்டில் இருந்துகொண்டு வரைந்தவைதான். பூசணிக்காய்க்கு ஏன் பல்லு வைக்கிறாய் என்று என் கணவர் கேட்டார். (இனி இவர் என்றே எழுதுகிறேன், கணவர் என்று எழுத யாரோ போல் இருக்கிறது.) "வைக்கச் சொல்லியிருக்கு, வைக்கிறன்" என்றேன். அவர் அந்தப் பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கறி வைக்கிற காய்க்கு இந்தக் கோலமா என்று சொல்லிக்கொண்டு போனார்.

விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு இணையத்தளம் ஒன்று இருக்கிறது. கிழமைக்கு ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அந்தத் தலைப்புக்குத் துணியிலும் சுவரில் ஒட்டும் கடதாசியிலும் அச்சிடக்கூடிய டிசைன்களை வரைந்து அனுப்புவார்கள். பார்க்கிறவர்கள் வாக்குப் போடுவார்கள். முன்னுக்கு வருகிறதை அந்தத் தளமே அச்சடித்து விற்கும். வரைந்தவருக்கும் ஏதோ கொஞ்சம் வரும். அதை நம்பி அரிசி வாங்க முடியாது. அரிசிக்கு நான் மன்னார்ப் பட்டினத்தில் பனர், பதாகை அடிக்கிற ஒரு கடையில் வேலை செய்கிறேன். செத்தவருக்குப் பின்னால் முகில் வைப்பதும், பிறந்தநாள் பிள்ளைக்குப் பின்னால் வண்ணத்துப்பூச்சி வைப்பதும், பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடக்கிற பிள்ளையின் முகத்தை வெள்ளையாக்குவதும் என் தொழில். ஒருமுறை அவசரத்தில் முகிலை மாற்றி வைத்து, ஒரு வயதுப் பிள்ளை மோட்சத்துக்குப் போனது போல் ஆகிவிட்டது. நல்லவேளை, அச்சடிக்கும் முன்னர் கண்டுவிட்டோம்.

சுவரில் ஒட்டும் கடதாசிக்கு வரைகிற என் வீட்டுச் சுவரை யாரும் பார்க்கக்கூடாது. கடல் உப்பு சுவரைத் தின்றுகொண்டே இருக்கிறது. வெள்ளையடித்த ஈரம் காயும் முன்பே பொருக்கு விடத் தொடங்கும். ஆசைக்கு என் டிசைன் ஒன்றைக் கடை மெசினில் ஸ்டிக்கராக அடித்து அறையில் ஒட்டிப் பார்த்தேன். அடுத்த மழைக்கு அது சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு கட்டிலில் விழுந்தது. இவர் அதைச் சுருட்டி, கோழிக்கூட்டுக்கு மறைப்பாகக் கட்டினார். கோழிகளுக்கு வடிவான வீடு வாய்த்தது.

நரியும் காளானுமாய்ப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் தலைப்பு வந்தது. உருமறைப்பு. கீழே ஒரு குறிப்பு: படைவீரர் உடுப்புத் துணியின் கோலத்தை எடுத்து, அதற்குள் உங்கள் ஊரை ஒளித்து வையுங்கள். பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு போட்டிருந்தார்கள்.

நான் கொம்பியூட்டரை மூடிவிட்டுப் போய்ச் சட்டி கழுவினேன். இந்த நாட்டில் அந்தத் துணியை ஆமி அல்லாத ஒருவர் உடுத்தக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. யாரும் வகுப்பு வைத்து எங்களுக்குச் சொல்லித்தந்த சட்டமில்லை அது. கடையில் யாருடைய பிள்ளைக்காவது காற்சட்டை எடுக்கும்போது அந்தச் சாயலில் ஒன்று வந்தால் கை தானாகத் தள்ளிவைத்துவிடும், அவ்வளவுதான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நரி எனக்குத் தெரியாது. பனி தெரியாது. இது தெரியும். இந்தப் போட்டியில் சேர்கிற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

சிறுவயதில் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போவதென்றால் பாலத்தடி ஆமிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். பெரியவர்களுக்குப் பயம். எனக்குப் பயமில்லை, அலுப்புத்தான். என் உயரத்துக்கு யாருடைய முகமும் தெரியாது, காற்சட்டைகள்தான் தெரியும். அதனால் நான் காற்சட்டைகளைப் பார்த்தேன். ஒருவரின் முழங்காலுக்குக் கிட்ட ஒரு பச்சைத் திட்டு, கழுத்தை நீட்டிய தாரா வாத்து மாதிரி இருந்தது. அடுத்து நின்றவரின் பொக்கற்றில் அதே தாரா. மூன்றாவது ஆளின் கணுக்காலில் தாரா தலைகீழாக நின்றது. கண்டபடி சாயம் தெளித்தது போல் இருக்கும் அந்தத் துணி உண்மையில் ஒரே அச்சு, திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்கு அந்த வரிசையில்தான் விளங்கியது. தொழிலில் இதை ரிப்பீற் என்கிறோம். அதைப் படிக்கப் பலர் காசு கட்டி வகுப்புக்குப் போகிறார்கள். "அம்மா, அங்கயும் தாரா" என்று விரலை நீட்டினேன். அம்மா என் கையில் ஓங்கி அடித்தாள், அந்தக் கையால்தான் இன்றைக்கும் வரைகிறேன்.

ஊரை ஒளித்து வையுங்கள் என்றால் எதை ஒளிப்பது? பூநாரையும் பெருக்கமரமும் சுற்றுலா விடுதிகளின் பனருக்கு அடித்து அடித்து எனக்கு வெறுத்துவிட்டன. நான் கழுதையை எடுத்தேன். மன்னாரில் கழுதையை யாரும் வரைவதில்லை. அது றோட்டை எழுதி வாங்கியது போல நடுவில் நிற்கும். ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் திருப்பும். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு திட்டும் ஒரு கழுதை. நிற்கிற கழுதை, படுத்த கழுதை, குப்பைக்குள் தலை வைத்த கழுதை, கழுத்தோடு கழுத்துச் சேர்த்து நிற்கும் இரண்டு. ஒன்றின் முதுகுக் கோடே அடுத்ததின் வயிற்றுக் கோடாக வர வேண்டும், நடுவில் இடைவெளி இருக்கக்கூடாது. வலது ஓரத்தில் வெட்டுப்பட்ட கால் இடது ஓரத்தால் உள்ளே வர வேண்டும், மேலே மறைந்த காது கீழே முளைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஓரம் தெரிந்துவிடும், பிறகு எல்லாம் வெறும் ஒட்டுத்துண்டு. நிறங்களையும் இங்கிருந்தே எடுத்தேன். காய்ந்த மணல், கழுதையின் சாம்பல், பனையோலைப் பச்சை, கரையில் ஒதுங்கிய சாதாளைப் பாசியின் கறுப்பு. கிட்டப் பார்த்தால் கழுதை. எட்ட நின்றால் அது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

மிச்ச வேலையைக் கடையில் ஆள் வராத நேரத்தில் செய்தேன், அங்கே திரை பெரியது. கடைக்காரர் பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம் ஆள். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். அவர் காசு மேசையில் இருந்தபடியே கண்ணைச் சுருக்கினார்.

"என்ன தங்கச்சி அது?"

"கழுதை, நானா. கிட்ட வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "இது எங்கட சந்தியில நிக்கிற நொண்டிக் கழுதையெல்லோ" என்று ஒன்றை அடையாளம் வேறு பிடித்தார். திரும்பிப் போய்க் கதிரையில் இருந்து மறுபடி பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"கிட்ட வந்தா கழுதைதான். வாசல்ல நிக்கிற ஆள் கிட்ட வரமாட்டானே. இத மூடி வீட்ட கொண்டு போங்க தங்கச்சி, இது நாலு பேர் வாற இடம்."

வீட்டுக்குக் கொண்டு போனேன். வீட்டில் இவர் இருக்கிறார். இனி இவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

இவர் பெருநிலத்துக்காரர். சண்டையின் கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கம் இவரைப் பிடித்துக்கொண்டு போனது. துவக்கைப் பிடித்ததைவிட மண்வெட்டி பிடித்ததுதான் கூட என்று ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. பிறகு அரசாங்கத்தின் முகாம், புனர்வாழ்வு, அதை முடித்ததாகக் கையில் ஒரு சான்றிதழ். வெளியே வந்து கீரியில் ஒருவரின் படகில் தொழிலுக்குச் சேர்ந்து, என்னையும் கட்டினார். எல்லாம் முடிந்தது என்று சான்றிதழ் சொல்கிறது. ஆனால் இடைக்கிடை எங்கள் வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நிற்கும். சாதாரண உடுப்பில் இரண்டு புலனாய்வுக்காரர். எங்கே வேலை, யாருடைய படகு, போன் நம்பர் மாறினதா, ஆரோடு பழக்கம் என்று கேட்பார்கள். இவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: "ஓம் ஓம்." இரண்டும் சேர்ந்து வரும், இரண்டாவது ஓம் கொஞ்சம் தணிந்து வரும். கண் அவர்களின் கால் சப்பாத்தில் இருக்கும். அந்த ஓம், ஆம் என்கிற ஆமோதிப்பு இல்லை. "அங்க போனனீ என்ன?" என்றால் "ஓம் ஓம்." "போகேல்லை எண்டு போன முறை சொன்னாய்?" என்றாலும் "ஓம் ஓம்." கெதியாக முடித்துக்கொண்டு போங்கோ என்பதற்கு அவர் வைத்திருக்கிற சொல் அது.

வீட்டுக்குள் இந்த மனிதர் வேறு. இவரிடம் ஒரு ஓம் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூரை ஒழுகுகிறது என்றால் இல்லை. கறிக்கு உப்புக் காணாது என்றால் இல்லை, உன் நாக்குத்தான் பிழை. கலியாணம் பேசிய அன்றும் எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, யோசிச்சுச் சொல்றன் என்றவர். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். என்னோடு பிடிவாதம் பிடிக்கிறவரை இவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்று பின்னேரம் நான் திரையில் துணி முழுவதையும் நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மீன் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். வாசலுக்கும் மேசைக்கும் இடையில் உள்ள தூரம் சரியாக எட்ட நின்று பார்க்கிற தூரம்.

"இதை மூடு."

"கழுதையப்பா. கிட்ட வாங்கோ."

"மூடு எண்டனான்."

கிட்ட வரவில்லை. மீனைக் குசினியில் வைத்துவிட்டு வளவின் மறுபக்கம் போனார். எனக்குக் கோபம் வந்தது. என்னை யாரும் பயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. பயந்த ஒருவரோடு சேர்ந்து பயப்பட வேண்டியிருப்பது அதைவிடப் பிடிக்காது. கண்டறியாத நரியை எல்லாம் வரைந்து அனுப்பினேன், எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் ஏன் மூட வேண்டும்? அனுப்பிவிட்டேன்.

அது முன்வரிசைக்கு வந்தது. முதலாவதாக இல்லை, ஆனாலும் என் நரிகள் ஒருநாளும் பார்த்திராத இடம். எங்கோ குளிர்நாட்டில் ஒருத்தி, இதைத் தன் பிள்ளையின் அறைச் சுவர் முழுக்க ஒட்டப்போவதாக எழுதியிருந்தாள். பிள்ளை நித்திரை கொள்ள முன்னர் கழுதைகளைத் தேடலாமாம். அதை வாசித்து எனக்குச் சந்தோசமாக இருந்தது, இவர் வருகிறாரா என்று வாசலையும் பார்த்துக்கொண்டேன். விற்பனைக்குப் போட வேண்டுமானால் வரைந்தவர் முதலில் ஒரு மாதிரித் துணி வாங்கி, நிறம் சரியா என்று பார்த்து உறுதி சொல்ல வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. வாங்கப் பதிந்தேன். இவரிடம் சொல்லவில்லை. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுதானே, கடிதத்தோடு கடிதமாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

வந்தது துணி இல்லை, ஒரு அறிவித்தல் அட்டை. வெளிநாட்டுப் பொதி, அடையாள அட்டையோடு தபால் கந்தோருக்கு வந்து திறந்து காட்டி எடுக்கவும். வாசலில் வலை தட்டிக்கொண்டிருந்த இவரின் கையில்தான் தபால்காரர் அதைக் கொடுத்தார்.

இவர் அட்டையை இரண்டு பக்கமும் வாசித்தார். "உள்ளுக்கு என்ன?"

"துணி."

"எந்தத் துணி?"

நான் அட்டைக்குக் கை நீட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், பதிலுக்குக் கத்த நானும் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார்.

மறுநாள் தொழிலுக்கு வரமாட்டேன் என்று படகுக்காரருக்குச் சொன்னார். பெருநாளுக்குக் கோயிலுக்குப் போடுகிற வெள்ளை முழுக்கைச் சட்டையைத் தேய்த்து மினுக்கினார். சான்றிதழைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்துப் பிரதி எடுப்பித்தார். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார், அதில் எங்கள் நாயின் படமும் போனது. காலையில் முகச்சவரம் செய்துகொண்டே, "கேட்டா உனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லு" என்றார்.

"கீறினதே நான்தானே. எனக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்?"

"சொல்றதைக் கேள். சோத்தை வடிச்சு வைச்சிட்டு வெளிக்கிடு, வர நேரமானாலும் ஆகும். சாவியைப் பக்கத்து வீட்டில குடு."

"தபால் கந்தோருக்குப் போய்வரச் சாவி குடுத்திட்டுப் போறது ஆர்? நான் தனியப் போய் எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள் இருங்கோ."

"வீட்டில ஆம்பிளை ஆர் எண்டு கேப்பாங்கள். நான் வாறன்."

சிரிப்புக்காட்டித்தான் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "ஆரின்ர கலியாணம்?" என்று அவருடைய சட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

பொதிக் கவுண்டரில் என்னைவிட மூத்த ஒரு பெண் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை வாங்கினார், அடையாள அட்டையைப் பார்த்தார், உள்ளே போய்ப் பொதியைக் கொண்டுவந்தார். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டித் துணியை உதறி மேசையில் விரித்தார். விரித்ததும் குனிந்தார்.

"இதென்ன, கழுதை." விரலால் தொட்டார். "இஞ்சயும் ஒண்டு. இது படுத்திருக்கு. இந்தக் காதைப் பாருங்கோவன், எங்கட பஸ் நிலையத்தில நிக்கிறது மாதிரியே இருக்கு. நீங்களா கீறினது?"

"ஓம் அக்கா."

"தலகாணி உறைக்கோ?"

நான் வரைந்ததை இன்னொருவர் துணியாகத் தொட்டுப் பார்ப்பதை முதன்முறையாகக் கண்டேன். நெஞ்சு நிறைந்து போயிற்று. எனக்கு அந்தக் கவுண்டரைச் சுற்றிப் போய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் முத்திரை குத்துகிற கட்டையைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் நாங்கள் வெளியே.

இவர் சான்றிதழின் பிரதியைக் கவுண்டரில் வைத்தார்.

"மிஸ், இது அந்தத் துணி இல்லை. என்ர மனிசி கொம்பியூட்டரில கீறினது. நான் புனர்வாழ்வு முடிச்சிட்டன், கடிதம் இருக்கு. எனக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை மிஸ்."

"எந்தத் துணி தம்பி?" என்றார் அவர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இவர் பிரதியை இன்னும் கிட்டத் தள்ளினார். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பிரதியின் தலைப்பை வாசித்தார். பிறகு துணியின் இரண்டு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார். கையை நீட்டியபடி பார்த்தார். அந்த முகத்திலிருந்து என் கழுதைகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்குப் பின்னால் முத்திரை வாங்க வந்தவர்கள் நின்றார்கள். அவர் துணியைச் சட்டென்று இறக்கி, அச்சு உள்ளுக்குப் போகிற மாதிரி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மடித்தார். உறைக்குள் தள்ளினார். ஒட்டுப்பட்டியின் நுனியை நகத்தால் எடுக்க அவரால் முடியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மிச்சத்தை வாசிக்காமலே பிரதியை இவர் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"தம்பி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நான் கழுதையைத்தான் பாத்தனான். கொண்டு போங்கோ. ஆருக்கும் விரிச்சுக் காட்டாதேங்கோ."

"ஓம் ஓம், மிஸ்" என்றார் இவர்.

எங்கள் மோட்டார்சைக்கிளில் இவருக்குப் பின்னால் இருந்தபடி நான் கொதித்தேன். முதலில் இவர்மேல். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்த மனிசி சிரித்தபடியே தந்திருப்பாள். ஒருவரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போன மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார். பிறகு, சிரித்த முகம் போட்டுத் தலைப்புக் கொடுத்தவர்கள்மேல். பிறகு, இந்தக் கேள்வியை இவரிடம் எத்தனையோ முறை கேட்டுக் கேட்டு, கேட்காமலே பதில் வரும்படி பழக்கி வைத்தவர்கள்மேல். அங்கே வந்ததும் கோபம் இறங்கிவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது துக்கம். அதற்குக் கோபமே மேல், கோபமென்றால் யாரையாவது ஏசலாம். பஸ் நிலையத்தடியில் நான்கு கழுதைகள் றோட்டை மறித்து நின்றன. இவர் ஹோர்ன் அடிக்காமல் நிறுத்தி, அவை விலகும்வரை காத்திருந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

வழியிலேயே ஒன்று முடிவெடுத்தேன். அந்தத் தளம் என் உறுதிக்காகக் காத்திருந்தது, ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான். இவருக்கு ஒரு கழுதையாவது தெரிந்தால் அமத்துவேன். ஒரே ஒரு கழுதை போதும். தெரிந்துவிட்டால் அந்தத் துணிமேல் இவருக்கு இருக்கிற பயம் கொஞ்சம் குறையும், வாசலில் நின்று மூடு என்று சொல்லத் தேவை வராது. ஆமிக்கும் இயக்கத்துக்கும் சொந்தமாக இருந்த ஒன்றை எங்கள் ஊர்க் கழுதைகள் மேய்ந்து முடித்துவிட்டன என்று நானும் நம்பிக்கொள்ளலாம். எனக்கு அது தேவையாக இருந்தது. விற்பனையைவிட அதுதான் தேவையாக இருந்தது.

சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, பின்வளவில் நல்ல வெளிச்சத்தில் பாயைப் போட்டு அதன்மேல் துணியை விரித்தேன்.

"வாங்கோ. இண்டைக்கு நீங்கள் பாக்கத்தான் வேணும்."

வரமாட்டேன் என்று மல்லுக்கு நிற்பார் என நினைத்தேன். மறுப்பில்லாமல் வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. குந்தி இருந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"எங்க?"

"எங்கயும்தான். எல்லாம் கழுதைதான்."

பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார். மூக்குத் துணியில் முட்டுமளவு குனிந்தார். அவர் ஏமாற்றவில்லை, எனக்காக உண்மையாகவே தேடினார். அது எனக்குத் தெரிந்தது.

"இது முதுகு" என்று அவருடைய விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்து இழுத்தேன். "இப்பிடி வந்து, இது கழுத்து. இது காது. இது தலை, கீழ குனிஞ்சு மேயுது. தெரியுதா?"

விரல் என் கையோடு வந்தது. பாரமில்லாமல், எங்கே இழுத்தாலும் வருகிற மாதிரி வந்தது.

"மற்றது எங்க?"

"இந்தக் கோடுதான் மற்றதின்ர வயிறு. இது கால். பாருங்கோ, இது நானாவின்ர நொண்டிக் கழுதை."

கடைக்காரர் கண்டார். கவுண்டரில் இருந்த பெண் கண்டார். குளிர்நாட்டில் ஒரு பிள்ளை படுக்க முன்னர் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறது. இவர் இவ்வளவு கிட்ட வந்தும் இவருக்குத் தெரியவில்லை. கிட்டப் பார்த்தால் கழுதை என்று நான் போட்ட கணக்கில் இவர் இல்லை. எட்ட நின்றாலும் கிட்ட வந்தாலும் இவருக்கு அது ஒன்றுதான். எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் இன்னொரு முறை கேட்டேன்.

"சொல்லுங்கோ. தெரியுதா, இல்லையா?"

இல்லை என்று சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கூரைக்குச் சொல்கிற மாதிரி, உப்புக்குச் சொல்கிற மாதிரி, இல்லை, உன் கண்தான் பிழை என்று சொன்னால் போதும். அவர் துணியிலிருந்து கண்ணை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார்.

"ஓம் ஓம்" என்றார். "தெரியுது."

இரண்டாவது ஓம் கொஞ்சம் தணிந்து வந்தது. வாசலில் மோட்டார்சைக்கிளில் வந்து நிற்பவர்களுக்கு மட்டும் சொல்வதை, கட்டின நாளிலிருந்து முதன்முறையாக, எனக்குச் சொன்னார்.